மூங்கிலா, வல்லாரையா? முதலில் ஒரு குழி தோண்டுங்கள்

எங்கள் தோட்டத்தில் இரண்டு தலைவலி இருந்தது. ஒன்று, பின்பக்கத்துக் கம்பிவேலி. சமையலறை ஜன்னலைத் திறந்தால் நேரே பக்கத்து வீட்டுத் துணிக்கொடி. நான் அடுப்படியில் நிற்பது அவர்களுக்கும் அப்படியே தெரியும். இரண்டாவது, குழாயடியை ஒட்டிய பள்ளம். மழை விட்டு ஒரு வாரம் ஆன பிறகும் அங்கே கால் வைத்தால் செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புல் போட்டேன், அழுகியது. சல்லி கொட்டினேன், ஒரே மாதத்தில் சேற்றுக்குள் இறங்கிவிட்டது.

மூங்கில் நிறையத் தண்ணீர் குடிக்கும் என்று யாரோ சொன்னது மனதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படியானால் பள்ளத்தில் மூங்கிலை வைப்போம், அது தண்ணீரை இழுத்துக்கொள்ளும். வேலியடியில் வல்லாரையைப் படரவிடுவோம் என்று கணக்குப் போட்டேன். ஒரே வருடத்தில் இரண்டு கணக்குமே தப்பாயின.

மூங்கிலின் இலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகிக்கொண்டே வந்தன. தண்ணீர் போதவில்லையோ என்று நான் இன்னும் இரண்டு குடம் ஊற்றினேன். கடைசியில் தோண்டிப் பார்த்தால் அடிக்கிழங்கு கறுத்துப் போய், விரலால் அழுத்தினால் கனிந்த வாழைப்பழம் மாதிரி அமுங்கியது. கூடவே அடைத்துக் கிடந்த சாக்கடையைத் திறந்த வாடை. வேலியடி வல்லாரை சாகவில்லை, அதுதான் வேடிக்கை. தொட்டியில் இருந்தபோது பாட்டில் மூடியைவிடப் பெரிதாக இருந்த இலைகள் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருங்கி, தரையோடு ஒட்டிக்கொண்டு, சாகவும் மாட்டேன், வளரவும் மாட்டேன் என்று கிடந்தன.

அப்புறம் இடத்தை மாற்றி வைத்தேன். இரண்டு தலைவலியும் தீர்ந்தன. ஒரு வரியில் சொல்லிவிட்டேனே தவிர, நடுவில் ஏழு வருடமும் பக்கத்து வீட்டோடு ஒரு மனஸ்தாபமும் இருக்கின்றன. அதிலிருந்து தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

குடிப்பது வேறு, நிற்பது வேறு

மூங்கில் புல் குடும்பத்துச் செடி. நல்ல தண்ணீர்க்குடியன்தான், ஆனால் அது குடிக்கிற தண்ணீர் மண் வழியாக இறங்கிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் மண்ணுக்குள் காற்று இருக்கும் இண்டு இடுக்கெல்லாம் நிரம்பிவிடும். வேருக்கு மூச்சு முட்டும், அழுகும். இதற்கு விலக்கான மூங்கில்களும் உண்டு. ஃபில்லோஸ்டாக்கிஸ் ஹெட்டெரோகிளாடா என்ற வகையின் கிழங்குக்குள் காற்றுக்குழாய்கள் இருக்கின்றன, அதனால் அது ஈரத்தைத் தாங்கும். ஆனால் அது மண்ணுக்குள் ஓடுகிற சாதி. ஓடுகிற சாதியைப் பற்றிக் கீழே நிறையப் புலம்பியிருக்கிறேன், அதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வல்லாரை நேர் எதிர். வாய்க்கால் கரையிலும் வரப்போரத்திலும் தானாக முளைத்துக் கிடப்பது. சொதசொதவென்று இருந்தால்தான் அதற்குத் தெம்பு வரும். இரண்டு நாள் தண்ணீருக்குள் மூழ்கினாலும் எழுந்துவிடும். நிரந்தரமாகவே இரண்டு விரற்கடை தண்ணீர் நிற்கிற இடம் என்றால் வல்லாரையை விட நீர்ப்பிரமி நல்லது. தடித்த சின்ன இலை, வெள்ளையோ இளம் ஊதாவோ பூ. வெயிலையும் தாங்கும், சற்று உப்புத் தண்ணீரையும் தாங்கும். மீன் தொட்டிக்குள்ளேயே வளர்க்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது ஒரு குழப்பம் வரும்: வல்லாரை, நீர்ப்பிரமி இரண்டையுமே பிரமி என்று கூப்பிடுகிறவர்கள் உண்டு. இலையைப் பாருங்கள். விளிம்பில் பல் வெட்டிய, சிறுநீரக வடிவ இலை நீண்ட காம்பில் நின்றால் வல்லாரை. காம்பே இல்லாமல் தண்டோடு ஒட்டிய குட்டி இலை என்றால் நீர்ப்பிரமி.

சரி, உங்கள் இடம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு அடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டுங்கள். அகலமும் ஒரு அடி போதும். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி முழுதாக வடிய விடுங்கள். இது காய்ந்த மண் உறிஞ்சிக்கொள்வதற்காக. இரண்டாம் தடவை நிரப்பி, குழிக்குக் குறுக்கே ஒரு குச்சியை வைத்து, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை நீர்மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளவுகோலால் பாருங்கள். மணிக்கு ஒரு அங்குலத்திலிருந்து மூன்று அங்குலம் வரை இறங்கினால் மூங்கில் வைக்கலாம். ஒரு அங்குலத்துக்கும் குறைவு என்றால் அந்த இடம் வல்லாரையுடையது, மூங்கிலை அங்கே வைக்காதீர்கள். எங்கள் குழாயடிப் பள்ளத்தில் தண்ணீர் மறுநாள் காலை வரை அப்படியே நின்றது. அதில் ஒரு தவளை வேறு உட்கார்ந்திருந்தது. இந்தச் சோதனையை முதலிலேயே செய்திருந்தால் ஒரு மூங்கில் பிழைத்திருக்கும்.

மூங்கில் வாங்கும்போது தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்

இந்தப் பகுதியை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள். உலகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூங்கில் வகைகள் இருக்கின்றன. ஆனால் தோட்டக்காரருக்குத் தெரிய வேண்டியது இரண்டே சாதி. ஒன்று தூர் கட்டும் மூங்கில். அதன் கிழங்கு குட்டையாக, தடியாக, வளைந்து மேலே திரும்பி முளையாகிவிடும். வாழைக்குப் பக்கக் கன்று வருவது போலத் தாயை ஒட்டியே அடுத்த கழி. இன்னொன்று ஓடும் மூங்கில். அதன் கிழங்கு மெல்லிசாக, நீளமாக, மண்ணுக்கு அடியில் படுத்தவாக்கில் போய்க்கொண்டே இருக்கும். போகிற வழியில் கணுவுக்குக் கணு மொட்டு. எந்த மொட்டு எப்போது மேலே வரும் என்று சொல்ல முடியாது.

என் இரண்டாவது மூங்கில் இந்த ஓடும் சாதி. வாங்கின இடத்தில் "இது தூர் கட்டும் வகைதான்" என்றார்கள், நானும் நம்பி வேலியோரம் வைத்தேன். முதல் வருடம் அசையவே இல்லை. இரண்டாவது வருடம் நாலைந்து கழி வந்தது, எனக்கு ஒரே பெருமை. மூன்றாவது வருடம் ஒரு காலையில் பக்கத்து வீட்டுத் தம்பி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "அக்கா, உங்க வீட்டு ஆளுங்க ஏழு பேரு எங்க துணிக்கொடிக்குக் கீழே வந்து நிக்கிறாங்க" என்றான். போய்ப் பார்த்தேன். ஏழு முளை. ஒன்று அவர்கள் நடைபாதைச் செங்கலையே தலையில் தூக்கிக்கொண்டு நின்றது. என் செடியிலிருந்து அளந்தேன், பதினோரு அடி.

கடப்பாரையோடு பின்தொடர்ந்தால், அரையடி ஆழத்தில் வெளிர்மஞ்சளாக ஒரு கயிறு. விரல் தடிமன், இரண்டு அங்குலத்துக்கு ஒரு கணு, முனை மட்டும் ஊசியாக. வேலிக்கு அடியில் நேர்கோட்டில் போயிருந்தது, யாரோ நூல் பிடித்துப் போட்ட மாதிரி. துண்டு துண்டாக வெட்டி எடுத்தேன். ஒரு கணுவை மண்ணில் விட்டாலும் அது மறுபடி முளைக்கும் என்பதை அடுத்த வருடம் தெரிந்துகொண்டேன். முழுதாக ஒழிக்க இரண்டு பருவம் ஆயிற்று. வந்த முளையை எல்லாம் இலை விரிவதற்கு முன் ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இலை விரிந்தால் கிழங்குக்குச் சாப்பாடு போய்விடும், அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். அந்த இரண்டு வருடமும் தம்பியின் அம்மா என்னிடம் சரியாகப் பேசவில்லை.

இனி நீங்கள் ஏமாறாமல் இருக்க: தொட்டியைச் சாய்த்து, செடியை மண்ணோடு உருவிப் பாருங்கள். தொட்டிச் சுவரை ஒட்டி வளையம் வளையமாகக் கணு வைத்த கயிறு சுற்றியிருந்தால், அல்லது புது முளைகள் நடுவில் வராமல் தொட்டி விளிம்பில் வந்திருந்தால், ஓடும் சாதி. கழியையும் தடவிப் பாருங்கள். கிளை வந்த கணுவுக்கு மேலே ஒரு பக்கம் மட்டும் பள்ளமாகக் கோடு ஓடி, அந்தக் கணுவில் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இரண்டே கிளை இருந்தால் அது ஃபில்லோஸ்டாக்கிஸ் இனம். பொன்மூங்கில் என்று விற்கிற ஆரியாவும், கறுப்பு மூங்கிலான நைக்ராவும் இந்த இனம்தான். இரண்டும் கொள்ளை அழகு, இரண்டும் ஓடும். ஒரு கணுவிலேயே கொத்தாகப் பல கிளை வந்திருந்தால் பெரும்பாலும் பம்பூசா, அது தூர் கட்டும்.

தூர் கட்டும் வகையிலும் அளவு பாருங்கள். பம்பூசா வல்காரிஸ், அந்த மஞ்சள் கழியில் பச்சைக் கோடு போட்டது, சின்னத் தொட்டியில் பொம்மை போல நிற்கும். தரையில் விட்டால் 10 மீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். முள் மூங்கில் இன்னும் பெரிது, முள் வேறு. வீட்டு வேலிக்கு நான் கடைசியில் வைத்தது பம்பூசா மல்டிப்ளெக்ஸ். கழி பெருவிரல் தடிமன், உயரம் 3 மீட்டரிலிருந்து 7 மீட்டருக்குள், அடியிலிருந்தே இலை. பனி கொட்டுகிற குளிர் ஊர்களில் ஃபார்ஜீசியா இனம் இதே வேலையைச் செய்யும், அதுவும் தூர் கட்டுவதுதான். அப்புறம், மேசை மேல் கண்ணாடிக் குவளையில் வைக்கிற அதிர்ஷ்ட மூங்கில் மூங்கிலே இல்லை. டிராசீனா என்ற ஆப்பிரிக்கச் செடி. அதைக் கொண்டுபோய் வேலியோரம் நட்டு மறைப்பு வரும் என்று காத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அது நானில்லை.

ஓடும் சாதிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு: நடுவதற்கு முன்பே தடுப்பு போடுங்கள், பிறகு பார்க்கலாம் என்றால் பிறகு கடப்பாரைதான். 1.5 மில்லிமீட்டர் தடிமனான கெட்டி பாலித்தீன் தாள், இரண்டிலிருந்து இரண்டரை அடி ஆழம், மண்ணுக்கு மேலே இரண்டு அங்குலம் தெரிய வேண்டும். தாளின் மேல்விளிம்பு வெளிப்பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருந்தால், முட்டுகிற கிழங்கு அடியில் நுழையாமல் மேலே ஏறும். மேலே வந்ததைக் கண்ணால் பார்த்து வெட்டிவிடலாம். தாளின் இரு முனையும் சேருகிற இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏற்றிப் பட்டை போட்டு முடுக்குங்கள், முதலில் ஓட்டை தேடுவது அங்கேதான். அடிப்பக்கம் திறந்தே இருக்கட்டும், இல்லாவிட்டால் நீங்களே ஒரு குளம் கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

நட்டபின்

வேலியிலிருந்து குறைந்தது மூன்று அடி தள்ளி வையுங்கள். தூர் கட்டும் மூங்கிலும் வருடா வருடம் கொஞ்சம் பருக்கும். பின்னால் போய் நின்று அறுக்க ஒரு ஆள் நுழைய வேண்டுமே. செடிக்குச் செடி மூன்றிலிருந்து ஐந்து அடி. குழியை வேர்க்கட்டியைப் போல இரண்டு பங்கு அகலமாகவும் அதே ஆழத்திலும் தோண்டி, மட்கிய எருவைக் கலந்து, மேலே இலைதழை மூடாக்கு போட்டுத் தண்ணீர் விடுங்கள். முதல் வருடம் மண் காய விடக்கூடாது. மூங்கிலின் சொந்த இலை உதிர்ந்தால் பெருக்கித் தள்ளாதீர்கள், அதுவே நல்ல மூடாக்கு.

முதல் இரண்டு வருடம் ஒன்றும் நடக்காது. நடப்பதெல்லாம் மண்ணுக்கு அடியில். அப்புறம் ஒரு பருவத்தில் முளை கிளம்பும்போது பார்க்க வேண்டும். வேலியின் இரண்டாம் கம்பியைத் தொட்டு நின்றது மறுநாள் மாலைக்குள் மூன்றாம் கம்பியைத் தாண்டிவிடும். ஒரே நாளில் 91 செ.மீ. வளர்ந்த மூங்கில் வகை உலக சாதனைக் கணக்கிலேயே இருக்கிறது, நம் வீட்டுச் செடியிடம் அதை எதிர்பார்க்க வேண்டாம். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: முளை என்ன தடிமனில் மண்ணை விட்டு வெளியே வருகிறதோ அதுதான் அதன் ஆயுள் தடிமன். மரம் போல வருடா வருடம் பருக்காது. உயரமும் இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடும். அதனால் கழியின் தலையை வெட்டினால் அது திரும்ப உயராது, அந்த உயரத்திலேயே கிளை விட்டு நிற்கும். ஜன்னல் மட்டத்துக்கு மறைப்பு வேண்டும் என்பவர்களுக்கு இது வசதி. அடுத்தடுத்த வருடத்து முளைகள்தான் முந்தினதைவிடத் தடியாகவும் உயரமாகவும் வரும்.

பராமரிப்பு என்று பெரிதாக இருப்பது கிழக்கழி களைவது. மூன்று நாலு வயதான கழிகளை அறுத்தால் தூருக்குள் காற்றும் வெளிச்சமும் போகும், புது முளைக்கு இடம் கிடைக்கும். எது என்ன வயது என்று எப்படித் தெரியும்? நான் வருடத்துக்கு ஒரு நிறமாக, அந்த வருடத்து முளை முற்றியதும் இடுப்பு உயரத்தில் நைலான் நூல் கட்டிவிடுவேன். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். நாலாவது நிறம் கட்டுகிற வருடம் முதல் நிறத்தை அறுப்பேன், நூலை அவிழ்த்து அதையே திரும்ப எடுத்துக்கொள்வேன். அறுக்கும்போது தரையை ஒட்டி, ஒரு கணுவுக்கு நேர் மேலே அறுங்கள். கணுவுக்கு நாலு விரல் மேலே அறுத்தால் மிச்சமிருக்கும் குழல் ஒரு குவளை. மழைத் தண்ணீர் அதில் நிற்கும், கொசு முட்டை வைக்கும். என் முதல் அறுப்பில் இப்படிப் பதினெட்டுக் குவளை செய்து வைத்திருந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் புழு நெளிகிறது. அந்த இரவே மண்ணை அள்ளிப் போட்டு அடைத்தேன்.

வல்லாரை, கோரையோடு ஒரு போர்

வல்லாரையை நடுவது ஐந்து நிமிட வேலை. நடுவதற்கு முன் கோரையை எடுப்பதுதான் ஐந்து நாள் வேலை. ஈரம் என்றால் கோரைக்கும் கொண்டாட்டம். மேலே பிடித்து இழுத்தால் புல் கையோடு வரும், கிழங்கு மண்ணிலேயே நிற்கும். ஒரு கிழங்கிலிருந்து மெல்லிய நூல் போய் அடுத்த கிழங்கில் முடியும். வல்லாரை படர்ந்த பிறகு அதன் நடுவில் கோரை கிளம்பினால் இரண்டையும் பிரித்தெடுக்கப் பொறுமை வேண்டும், முட்டிவலியும் வரும். அதனால் முதலிலேயே அரையடி ஆழம் கொத்தி, கையால் உதிர்த்து, கறுப்பு மணி போன்ற கிழங்குகளைப் பொறுக்குங்கள். இரண்டு வாரம் சும்மா விட்டு, தலை காட்டுவதை மறுபடி கொத்துங்கள். நான் மூன்று சுற்று செய்தேன். இன்னும் வருடத்துக்கு ஒரு கை அளவு கோரை வருகிறது.

அப்புறம் இரண்டு விரல் உயரம் மட்கிய எரு பரப்பி, மூன்று நாலு கணு உள்ள ஓடுதண்டுகளை ஒரு சாண் இடைவெளியில் படுக்கவைத்து, கணு மட்டும் மண்ணில் அமுங்கும்படி கட்டைவிரலால் அழுத்துங்கள். இலையை மண்ணுக்குள் புதைக்க வேண்டாம். வேர் பிடிக்கும் வரை தினமும் தண்ணீர். இரண்டு மூன்று மாதத்தில் மண் தெரியாமல் மூடிவிடும். நிழலில் இருந்தால் காம்பு நீண்டு இலை அகலமாகும். வெயிலில் குட்டையாக, நெருக்கமாக இருக்கும். மத்தியான நிழல் கிடைக்கிற இடம்தான் அதற்குத் தோது. பூவைத் தேடாதீர்கள், இலைக்கு அடியில் கடுகளவுக்கு ஒளிந்திருக்கும்.

இதுவும் ஓடுகிற செடிதானே என்று கேட்பீர்கள். ஓடும்தான். மழைக்காலத்தில் என் செங்கல் வரம்பை வாரத்துக்கு ஒரு முறை தாண்டுகிறது. ஆனால் தாண்டுவது கண்ணுக்கு முன்னால். செங்கல் மேல் செந்நிறத் தண்டு படுத்திருப்பதைக் காலையில் காபித் தம்ளரோடு நடக்கும்போதே பார்த்து, குனிந்து கிள்ளிப் போட்டுவிடலாம். மூங்கில் தாண்டுவதைப் பக்கத்து வீட்டுத் தம்பி வந்து சொல்ல வேண்டியிருந்தது. எந்தச் செடியை வாங்கும்போதும் இப்போது நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: மண்ணுக்கு மேலே ஓடுமா, கீழே ஓடுமா? ஈரத்துக்கென்று வண்ண இலையோடு ஹூட்டுய்னியா என்று ஒரு தரைப்படரி விற்பார்கள். பார்க்க வல்லாரைக்குத் தங்கை, ஓடுவதில் ஓடும் மூங்கிலுக்குத் தம்பி. மண்ணுக்குள் கிழங்கு விட்டு ஓடும். தொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வல்லாரையால் ஆகாததையும் சொல்லிவிடுகிறேன். அது பள்ளத்தை வற்றவைக்காது, சேற்றை மூடும், அவ்வளவுதான். தண்ணீர் ஒரு வாரத்துக்கு மேல் மேலேயே நின்றால் கொசு வரும், அதற்கு ஒரு சின்ன வாய்க்கால் வெட்டித்தான் ஆக வேண்டும். மிதித்தால் தாங்காது. நடக்கிற வழி என்றால் பலகைக் கல் பதித்து இடையில் படரவிடுங்கள், அல்லது பொடுதலை வையுங்கள். பொடுதலை மிதியையும் தாங்கும், வறட்சியையும் தாங்கும், ஆனால் அதன் பிடிவாதம் தனி ரகம். ஆஸ்திரேலியாவில் ஆற்றுச் சமவெளி மேய்ச்சல் நிலங்களையே அதன் நெருங்கிய சொந்தக்காரச் செடி ஒன்று பிடித்துக்கொண்டது. உறைபனி விழுகிற இடத்தில் வல்லாரை கருகும். நத்தைக்கு வல்லாரை விருந்து. இரவு ஒன்பது மணிக்கு டார்ச்சும் ஒரு டப்பாவும் எடுத்துக்கொண்டு போனால் பத்து நிமிடத்தில் டப்பா நிறையும். துணி துவைத்த தண்ணீரும் சாக்கடைத் தண்ணீரும் ஓடுகிற இடத்தில் வளர்ந்ததைப் பறித்துத் தின்ன வேண்டாம். மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிற உலோகத்தை அது இலைக்கு ஏற்றிக்கொள்ளும். தின்பதற்குத் தனியாக ஒரு தொட்டியில் வையுங்கள்.

இரண்டையும் வைக்கலாமா

வைக்கலாம், ஆனால் ஒன்றின் காலடியில் இன்னொன்று வேண்டாம். மூங்கிலின் வேர் மேல்மண்ணை வலை போலப் பின்னி ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். உதிரும் இலை வல்லாரையை மூடி மூச்சடைக்கும். என் ஏற்பாடு இது: வேலியோரம் ஒரு அடி உயரத்துக்கு மண்ணை மேடாக்கி அதன் மேல் மூங்கில். அந்த மேட்டுக்கு மண் வெட்டியது முன்னாலிருக்கும் நீளப் பள்ளத்திலிருந்து. பள்ளத்தைக் குழாயடிவரை இழுத்துவிட்டேன், அதில் வல்லாரை. மேட்டிலிருந்து வடிகிற தண்ணீர் பள்ளத்துக்கு, மத்தியானத்துக்கு மேல் மூங்கிலின் நிழலும் பள்ளத்துக்கு. நடுவில் இரண்டு அடி வெறும் மூடாக்கு, நான் நடக்க. மூங்கிலின் வேர் பள்ளத்தை எட்டிப் பார்க்கிறதா என்று வருடத்துக்கு ஒரு முறை மண்வெட்டியால் ஒரு கோடு வெட்டிவிடுவேன்.

ஒன்றுதான் வைக்க இடமிருக்கிறது என்றால், உடம்பைக் கேட்டு முடிவு செய்யுங்கள். மூங்கில் வருடத்துக்கு இரண்டு நாள் வேலை, ஆனால் அந்த இரண்டு நாளும் ரம்பமும் இடுப்பும். வல்லாரை வாரத்துக்குப் பத்து நிமிடம், குந்தி உட்கார முட்டி இடம் கொடுக்க வேண்டும். வாடகை வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம், வல்லாரை. காலி செய்கிற அன்று ஒரு பிடி பிடுங்கி ஈரத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போகலாம். மூங்கிலைத் தொட்டியில் வைத்துக்கொள்கிறேன் என்பவர்கள் மண் தொட்டியைத் தவிருங்கள், வேர் நிரம்பினதும் வெடித்துவிடும். அகலமான தொட்டி எடுத்து, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை ரம்பத்தால் வேர்க்கட்டியைப் பாதியாக அறுத்து நடுங்கள்.

அறுத்த கழியைத் தூக்கி எறியாதீர்கள். வறண்ட பருவத்தில் அறுத்து, மண் படாமல் நிழலில் நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேல் காயவிடுங்கள். போன வருடம் பதினாலு கழி வந்தது. ஆறு கழி இப்போது பக்கத்து வீட்டுத் துணிக்கொடிக்கு முட்டாக நிற்கின்றன, தம்பியின் அம்மாவே கேட்டு வாங்கிக்கொண்டார். அவசரத்தில் காயவைக்காமல் கொடுத்த இரண்டில் மட்டும் வண்டு துளைத்து, காய்கிற துணி மேல் மாவு கொட்டிக்கொண்டிருக்கிறது.